கடற்பஞ்சின் மறைபொருள் கண்ட கிராண்ட்

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது, தாகம் கொண்ட அவருடைய உதடுகளில் புளித்த திராட்சை இரசம் தோய்ந்த கடற்பஞ்சு வைக்கப்பட்டதைக் கேட்டு நாம் மனம் கசிகிறோம். அந்தக் கடற்பஞ்சு என்ன பொருள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? பஞ்சு என்ற பெயரைக் கேட்டால் பருத்திச் செடி நினைவுக்கு வருகிறது. தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு ஒன்றில் கடற்காளான் என்ற சொல் இருக்கிறது. அதைக் கேட்டால் மழைக்காலத்தில் சுவரோரம் முளைக்கும் காளான் நினைவுக்கு வருகிறது. நம் முன்னோர் வைத்த இரு பெயர்களும் அதை விலங்கோடு சேர்க்கவில்லை. உலகமும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் இதே குழப்பத்தில் தான் இருந்தது.

அந்தக் குழப்பத்தைத் தம் பொறுமையால் தீர்த்து வைத்தவர் இராபர்ட் எட்மண்ட் கிராண்ட் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர். சார்லஸ் டார்வினின் ஆசிரியர் என்ற முறையில் அவர் பெயரை அறிந்தோர் பலர் உண்டு. ஆனால் நம் உயிரியல் புத்தகத்தில் துளையுடலிகள் என்று ஒரு விலங்குத் தொகுதியைப் படிக்கிறோமே, அந்தப் பெயரின் மூலமான போரிஃபெரா என்ற சொல்லை வழங்கியவரும் அவரே என்பதைப் பலர் அறியார். துளைகளைத் தாங்கியது என்பது அச்சொல்லின் பொருள். இவ்வளவு செய்தவர் தம் முதுமையை வறுமையில் கழித்தார் என்பதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் வருத்தமாக இருந்தது. ஆகவே அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுத முன்வந்தோம்.

கிராண்ட் 1793ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தையார் சட்டத் தொழில் செய்தவர். பெரிய குடும்பம். இவர் ஏழாவது மகன். எடின்பரோவிலேயே பள்ளிப்படிப்பை முடித்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1814இல் பட்டம் பெற்றார். மற்றவராயின் உடனே வைத்தியசாலை திறந்து பொருள் ஈட்டத் தொடங்கியிருப்பர். இவரோ தந்தை விட்டுச் சென்ற பணத்தை எடுத்துக்கொண்டு 1815இல் பாரிஸ் நகரத்துக்குப் புறப்பட்டார். அந்நாளில் விலங்குகளின் உடலமைப்பை ஒப்பிட்டுப் படிக்க விரும்புவோர்க்குப் பாரிஸே தலைநகர். கியூவியே, ஜெஃப்ராய், லாமார்க் ஆகிய பேரறிஞர்கள் அங்கே இருந்தனர். பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று பல நாடுகளையும் சுற்றிப் பார்த்து, 1820இல் கிராண்ட் தாய்நாடு திரும்பினார். பணம் கரைந்துவிட்டது. ஆனால் முதுகெலும்பு இல்லாத சிற்றுயிர்கள் மீது கொண்ட ஆசை மட்டும் வளர்ந்திருந்தது.

இங்கே கடற்பஞ்சைப் பற்றி அதுவரை அறிஞர் என்ன எண்ணியிருந்தனர் என்பதைச் சொல்ல வேண்டும். தன்னைப் பறிக்க வருபவனை உணர்ந்து கடற்பஞ்சு இறுகிக்கொள்ளும் என்று சிலர் சொல்வதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். அதை மறுப்பவர் உண்டு என்றும் எழுதினார். பின்வந்தவர்களில் சிலர் அதைக் கடல் நுரை உறைந்த பொருள் என்றனர். சிலர் புழுக்கள் கட்டிய கூடு என்றனர். உயிர்களை வகைப்படுத்திய லின்னேயஸ் முதலில் அதைத் தாவரங்களோடு வைத்தார், பின்னர் மனம் மாறினார். 1765இல் ஜான் எல்லிஸ் என்பவர் கடற்பஞ்சின் துளைகளில் நீர் அசைவதைக் கண்டு அது விலங்குதான் என்றார். ஆனால் ஒரே துளை நீரை உறிஞ்சியும் உமிழ்ந்தும் மூச்சு விடுவதாக அவர் நினைத்துவிட்டார். லாமார்க்கோ, கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் அதனுள் குடியிருக்க வேண்டும் என்று ஊகித்தார்.

இத்தனை பேர் தடுமாறியதற்குக் காரணம் உண்டு. நாம் கடையில் காணும் கடற்பஞ்சு உயிருள்ள கடற்பஞ்சு அன்று, அதன் எலும்புக்கூடு. மத்தியதரைக் கடலில் குளிப்போர் அதை வெட்டி எடுத்து வந்து, சதை அழுகும்வரை வைத்து, பிசைந்து கழுவி உலர்த்துவார்கள். மிஞ்சுவது ஸ்பாஞ்சின் என்னும் புரத நாரால் ஆன வலைப்பின்னல். அதை மட்டும் பார்த்து உயிரை அறிய முயல்வது, தென்னை நாரைப் பார்த்துத் தென்னை மரத்தை அறிய முயல்வது போன்றது.

கிராண்ட் உயிருள்ள கடற்பஞ்சைத் தேடிப் போனார். எடின்பரோவுக்கு அருகே ஃபோர்த் என்னும் கடற்கழி இருக்கிறது. அதன் கரையில் லீத், பிரஸ்டன்பான்ஸ் என்ற ஊர்கள். பிரஸ்டன்பான்ஸில் கடலை ஒட்டிய வால்ஃபோர்டு இல்லம் என்ற வீட்டில் அவர் குளிர்காலங்களில் தங்கினார். ஸ்காட்லாந்தின் குளிர்காலக் கடற்காற்று எப்படியிருக்கும் என்று நம் ஊர் மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் நமக்குத் தெரியாது. அலை வற்றும் நேரம் பார்த்து அவர் பாறைகளுக்கிடையே இறங்குவார். குளங்களில் கைவிட்டுத் துழாவி, பாறையில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சைச் சிதையாமல் பெயர்த்தெடுப்பார். கடல்நீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டு உயிரோடு வீட்டுக்குக் கொண்டு வருவார்.

ஒருநாள் கிளை போன்ற ஒரு சிறு கடற்பஞ்சை, கடிகாரத்தின் மேல் மூடும் குழிந்த கண்ணாடி போன்ற ஒரு தட்டில் கடல்நீரோடு வைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். தட்டை மெல்ல நகர்த்தியபோது, கடற்பஞ்சின் பக்கவாட்டில் இருந்த வட்டமான துளை ஒன்று அவர் பார்வைக்கு நேரே வந்தது. அத்துளையிலிருந்து நீர் ஊற்றாகப் பொங்கி, துணுக்குகளை வாரி வெளியே எறிந்துகொண்டிருந்தது! அதுவரை எவரும் அப்படி ஒரு காட்சியைத் தெளிவாகக் கண்டதில்லை. கண் இமைக்காமல் 25 நிமிடங்கள் பார்த்தார். கண் வலித்ததால் விலக வேண்டியதாயிற்று. அந்த 25 நிமிடங்களில் நீரின் திசை மாறவில்லை, வேகமும் குறையவில்லை. பிறகும் விட்டுவிட்டு அதே துளையை ஐந்து மணி நேரம் கவனித்தார். நீரோட்டம் நின்றபாடில்லை.

நாமாக இருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்று எழுந்து ஓடியிருப்போம். எல்லிஸ் உள்ளும் புறமும் மாறி மாறி நீர் போவதாகச் சொல்லியிருந்தார் அல்லவா? அது உண்மையானால் எப்போதாவது ஒரு கணம் நீர் திரும்பி உள்ளே போகவேண்டும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் கிராண்ட் ஐந்து மணி நேரம் காத்திருந்தார். அது வரவே இல்லை. பெரிய துளை நீரை வெளியே விடுமே தவிர ஒருபோதும் உள்ளே வாங்காது என்பது அப்போது தான் உறுதியாயிற்று.

அதோடு நிற்கவில்லை. பாறைகளில் படர்ந்து வளரும், ரொட்டித் துகள் போன்ற தோற்றமுள்ள ஒருவகைக் கடற்பஞ்சை ஆழமில்லாத பாத்திரத்தில் வைத்து, அதன் உச்சித் துளை மட்டும் மூழ்கும்படி நீர் ஊற்றினார். நீரின் மேல் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினார். நம் வகுப்பறைக் கரும்பலகையின் கீழே சேரும் வெண்பொடியை நினைத்துக்கொள்ளலாம். பொடி அசைய அசைய, கண்ணுக்குத் தெரியாத நீரோட்டம் தொலைவிலிருந்தே தெரிந்தது. துளைகளின் மேல் தக்கைத் துண்டுகளையும் உலர்ந்த காகிதத் துண்டுகளையும் வைத்தார். மேசையிலிருந்து 10 அடி தள்ளி நின்று பார்த்தபோதும் அவை நகர்வது தெரிந்தது. இன்னொரு முறை இரண்டு கடற்பஞ்சுகளை இரண்டு அங்குல இடைவெளியில் துளைகள் எதிரெதிராக இருக்கும்படி வைத்தார். இரண்டும் பீரங்கிகள் போல ஒன்றன்மேல் ஒன்று கழிவை வீசியடித்துக்கொண்டன. பல்லாயிரம் ரூபாய்க் கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பதை நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி குறை சொல்லும் தோழியர் கவனிக்கலாம்.

நீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதையும் அவர் கண்டார். மேல்தோல் முழுவதும் நிறைந்திருக்கும் நுண்ணிய துளைகள் வழியே நீர் புகுந்து, உள்ளே கிளைத்துச் செல்லும் வாய்க்கால்களில் ஓடி, சில பெரிய துளைகள் வழியே வெளியேறுகிறது. பெரிய துளைக்கு ஆஸ்குலம் என்று பெயர். எவ்வளவோ பேர் பெரிய துளையே வாய் என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் அது கழிவு போகும் வாசல். கடற்பஞ்சுக்கு வாயே கிடையாது.

அதற்கு உணர்ச்சி உண்டா என்றும் சோதித்தார். ஊசியால் கிழித்தார். அமிலத்திலும் ஆல்கஹாலிலும் அம்மோனியாவிலும் அமிழ்த்தினார். கடற்பஞ்சு சுருங்கியதாக அவர் காணவில்லை. அரிஸ்டாட்டில் காலத்துக் கதையை இப்படி மறுத்தார். சில கடற்பஞ்சுகள் மிக மெதுவாகச் சுருங்கி விரியும் என்று இப்போது அறிஞர் கண்டிருக்கிறார்கள். ஆனால் அவற்றுக்கு நரம்பும் இல்லை, தசையும் இல்லை, இரைப்பையும் இதயமும் இல்லை என்பதில் மாற்றமில்லை.

நரம்பும் தசையும் இல்லாத உடல் நீரை எப்படி இறைக்கிறது? இந்தக் கேள்வி கிராண்டை வாட்டியது. மயிர் போன்ற நுண்ணிழைகள் உள்ளே அசைய வேண்டும் என்று அவர் ஊகித்தார். வளர்ந்த கடற்பஞ்சுக்குள் எவ்வளவோ தேடியும் அவருடைய நுண்ணோக்கி அவற்றைக் காட்டவில்லை. பின்னாளில் வந்தவர்களே கண்டனர். பம்பாயில் மருத்துவராகப் பணியாற்றிய ஹென்றி கார்ட்டர் அந்நகரத்துக் குளங்களில் வளரும் நன்னீர்ப் பஞ்சுகளை ஆராய்ந்து இதில் முக்கியப் பங்கு கொண்டார் என்பது நம் நாட்டோடு தொடர்புடைய செய்தி.

அவர்கள் கண்டது இதுதான். கடற்பஞ்சின் உள்ளே சின்னஞ்சிறு அறைகள் இருக்கின்றன. அறைச் சுவரில் கழுத்துப்பட்டைச் செல்கள் வரிசையாகப் பதிந்துள்ளன. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு கசையிழை. அதைச் சுற்றிச் சட்டைக் காலர் போன்ற ஒரு சல்லடை வேலி. கசையிழை ஓயாமல் துடிக்கிறது, நீர் நகர்கிறது, நீரிலுள்ள பாக்டீரியா முதலிய நுண்துகள்கள் காலரில் சிக்குகின்றன. அவற்றைச் செல் விழுங்கி, ஊர்ந்து திரியும் வேறு செல்களிடம் ஒப்படைக்கிறது. அச்செல்கள் உடல் முழுவதும் உணவைப் பகிர்கின்றன. 10 சென்டிமீட்டர் உயரமும் 1 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு கடற்பஞ்சினுள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட அறைகள் உண்டென்றும், அது நாளொன்றுக்கு 22 லிட்டருக்கு மேல் நீரை இறைக்கிறதென்றும் விலங்கியல் நூல்கள் கூறுகின்றன. நம் வீட்டு வாளி ஒன்றைவிட அதிகம்! அறைகள் கணக்கற்றவை ஆதலால் நீர் அங்கே பரவி மெதுவாக நகரும், உணவைப் பிடிக்க அவகாசம் கிடைக்கும். வெளியேறும் துளையோ ஒன்று தான், ஆகவே அங்கே நீர் பாய்ந்து வரும். கழிவு நீர் தூரப் போய் விழுந்தால் தானே மறுபடியும் அதையே உறிஞ்சாமல் இருக்கலாம்! கிராண்ட் கண்ட ஊற்றின் வேகத்துக்கு இதுவே காரணம்.

உடல் விழாமல் தாங்குவதற்கு எலும்புக்குப் பதிலாக நுண்முட்கள் உண்டு. சில இனங்களில் அவை சுண்ணாம்பாலும், சிலவற்றில் கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவாலும் ஆனவை. குளியலுக்குப் பயன்படும் இனத்தில் முட்களே கிடையாது, ஸ்பாஞ்சின் நார் மட்டுமே உண்டு. அதனால்தான் அது நம் தோலைக் கீறுவதில்லை. கடற்பஞ்சின் செல்கள் ஒன்றையொன்று அறிந்து சேரக்கூடியவை என்பதும் வியப்புக்குரியது. 1907இல் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணியில் வைத்துப் பிழிந்து செல் செல்லாகப் பிரித்தார். பிரிந்த செல்கள் ஊர்ந்து வந்து ஒன்றுகூடி மீண்டும் கடற்பஞ்சாயின.

மீண்டும் கிராண்டிடம் வருவோம். கடற்பஞ்சு விலங்கு என்பதற்கு அவர் கண்ட இன்னொரு சான்று அதன் குஞ்சுகள். சில பருவங்களில் கடற்பஞ்சினுள் மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றி, நீரோட்டத்தோடு வெளியே வருவதைக் கண்டார். வெளியே வந்தவை மூழ்கிவிடவில்லை. மேலே பூசிய குற்றிழைகளை அசைத்துத் தாமாகவே நீந்தின! ஓரிரு நாள் அலைந்த பிறகு கண்ணாடித் தட்டில் ஒட்டிக்கொண்டு, பரந்து, சிறு கடற்பஞ்சாக வளர்ந்தன. அருகருகே ஒட்டிய இரண்டு குஞ்சுகள் வளர்ந்து தொட்டுக்கொண்டதும், எல்லை தெரியாமல் ஒன்றாய்க் கலந்துவிட்டதையும் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் ஓரிடத்தில் கிடக்கும் உயிருக்கும் சில நாட்கள் உலகைச் சுற்றிப் பார்க்கும் இளமை உண்டு என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

1825 முதல் 1827 வரை எடின்பரோ அறிவியல் இதழ்களில் இவற்றையெல்லாம் கட்டுரைகளாக வெளியிட்டார். சிப்பி ஓடுகளைத் துளைத்து அதனுள் குடியிருக்கும் கிளையோனா என்னும் கடற்பஞ்சையும் 1826இல் அவரே முதலில் விவரித்தார். நம் மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிகளுக்கும் கிளையோனா இனங்கள் பகையாகும்.

இக்காலத்தில்தான் டார்வின் வருகிறார். 1825இல் மருத்துவம் படிக்க எடின்பரோ வந்தபோது அவருக்கு வயது 16. நமக்கு ஒரு வயது தான் மூத்தவர். அறுவைச் சிகிச்சையைக் கண்டு அஞ்சி வகுப்புகளில் மனம் ஒட்டாமல் இருந்த அந்த இளைஞரைக் கிராண்ட் தம்மோடு கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். எதைப் பொறுக்க வேண்டும், எப்படி அறுக்க வேண்டும், நுண்ணோக்கியில் எதைத் தேட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வந்தன என்னும் லாமார்க்கின் கருத்தை ஒருநாள் நடந்துகொண்டே வியந்து பேசினார். அந்நாளில் அது துணிச்சலான பேச்சு. சமயத்துக்கும் சமுதாயத்துக்கும் கேடு என்று பலர் அஞ்சிய கருத்து. நம் பள்ளியில் அருட்சகோதரியே பரிணாமப் பாடத்தை நடத்துகிறார் என்பதால் அந்த அச்சத்தின் கடுமை நமக்கு எளிதில் விளங்காது.

1827 மார்ச்சில் ஒரு கசப்பு நேர்ந்தது. கடற்பாசி போலத் தோன்றும் ஃபிளஸ்ட்ரா என்னும் சிற்றுயிர்க் கூட்டத்தின் குஞ்சுகள் குற்றிழைகளால் நீந்துவதை டார்வின் கண்டார். சிப்பி ஓடுகளில் காணும் கரும்புள்ளிகள் திருக்கை மீனில் ஒட்டி வாழும் ஒருவகை அட்டையின் முட்டைகள் என்பதையும் அறிந்தார். மகிழ்ச்சியோடு ஆசிரியரிடம் ஓடினார். கிராண்ட் மகிழவில்லை. தாம் ஆராயும் பொருளில் மாணவன் கைவைப்பது முறையன்று என்றும், அதை வெளியிட்டால் வருந்துவேன் என்றும் சொன்னாராம். மார்ச் 24ஆம் நாள் கிராண்ட் இப்பொருள்களைப் பற்றி ஒரு கழகத்தில் படித்தார். மூன்று நாள் கழித்து 27ஆம் நாள் மாணவர் கழகமாகிய பிளினியன் சங்கத்தில் டார்வின் பேசினார். அட்டை முட்டைகளைப் பற்றிய கட்டுரையில் டார்வினின் பெயரைக் கிராண்ட் அன்போடு குறிப்பிட்டார் என்பது உண்மை. ஆயினும் அந்த முதல் புண் ஆறவில்லை. பல்லாண்டு கழித்தும் டார்வின் தம் மகளிடம் அதைச் சொல்லியிருக்கிறார்.

கிராண்டின் புகழைப் பாட முன்வந்த நாம் இதை மறைத்திருக்கலாம். ஆனால் கடற்பஞ்சின் முன் ஐந்து மணி நேரம் பொறுத்திருந்தவர், ஒரு மாணவனின் உற்சாகத்தை ஐந்து நிமிடம் பொறுக்கவில்லையே என்ற வருத்தம் எங்களுக்கு ஏற்பட்டது. நல்ல ஆசிரியர் என்பதிலோ ஐயமில்லை. டார்வினின் கண்களை முதன்முதல் கடலுயிர்கள் பக்கம் திருப்பியவர் அவர்தாம்.

1827இல் புதிதாகத் தொடங்கப்பட்ட இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் உடற்கூறு, விலங்கியல் பேராசிரியராக அவர் நியமிக்கப்பட்டார். இப்பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கத்தோலிக்கராகிய நாம் ஒன்றை அறிய வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அந்நாளில் கத்தோலிக்கர் பட்டம் பெற முடியாது. இலண்டனிலோ எந்தச் சமயத்தவரும் சேரலாம், சமயச் சோதனை எதுவும் கிடையாது. பெண்களுக்கு மட்டும் கதவு மூடியே இருந்தது. அவர்கள் இலண்டனில் பட்டம் பெற 1878 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிராண்ட் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்!

1828இல் வகுப்பைத் தொடங்கியவர் சாகும்வரை, 46 ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார். அவருடைய வருமானம் பெரும்பாலும் மாணவர் கட்டும் கட்டணத்தைப் பொறுத்தது. மருத்துவத் தேர்வுக்கு அவருடைய பாடம் கட்டாயம் இல்லை ஆதலால் சேர்ந்தவர் சிலரே. மருத்துவம் செய்து பிழைக்கலாமே என்றால், இலண்டன் மருத்துவர் கழகத்தின் உரிமம் வேண்டும். அக்கழகத்தின் தனியுரிமை அநீதியானது என்று வாதாடியவர், அதன் முன் போய் உரிமம் கேட்க மறுத்துவிட்டார். இது வீம்பா கொள்கையா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. கொள்கைதான் என்ற கட்சியே வென்றது.

1836இல் ராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். போரிஃபெரா என்ற பெயரை அக்காலத்தில்தான் சூட்டினார். ஆயினும் ரிச்சர்ட் ஓவன் என்னும் இளைய அறிஞரின் நட்சத்திரம் எழத் தொடங்கியது. கிராண்டின் கருத்துகளை வெறுத்த ஓவனின் செல்வாக்கால், 1835இல் விலங்கியல் சங்கத்தின் ஆட்சிக்குழுவிலிருந்து கிராண்ட் நீக்கப்பட்டார். ஆய்வுக்கு வேண்டிய விலங்குகள் கிடைக்கும் வழி அடைபட்டது. விதியின் விளையாட்டைப் பாருங்கள். கண்ணாடி இழையால் பூக்கூடை பின்னியது போன்ற மிக அழகிய ஆழ்கடற்பஞ்சு ஒன்றை 1841இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் அந்த ஓவனே!

உலகம் சுற்றி 1836இல் டார்வின் திரும்பி வந்தபோது, அவர் கொண்டுவந்த கடலுயிர்களில் சிலவற்றை ஆராய்ந்து தரக் கிராண்ட் முன்வந்தார். ஆனால் அவற்றைப் பற்றிக் கிராண்டின் பெயரில் எதுவும் வெளிவரவில்லை. இருவரும் ஒரே நகரில் வாழ்ந்தும் பழைய நெருக்கம் திரும்பவில்லை. ஆயினும் தம் புகழ்பெற்ற நூலின் 1861ஆம் ஆண்டுப் பதிப்பில், உயிரினங்கள் மாறி வந்தன என்று தமக்கு முன்பே சொன்னவர்களின் வரிசையில் கிராண்டின் பெயரை டார்வின் சேர்த்தார். கிராண்ட் நன்னீர்ப் பஞ்சைப் பற்றி 1826இல் எழுதிய கட்டுரையின் இறுதிப் பகுதியை அதற்குச் சான்றாகக் காட்டினார்.

கிராண்ட் திருமணம் செய்துகொள்ளவில்லை. வறியவர் நிறைந்த தெருவில் எளிய வீட்டில் வாழ்ந்தார். நண்பர்கள் சேர்ந்து ஆண்டுக்கு 50 பவுன் கிடைக்க வழி செய்தனர். நாகரிகம் மாறியும் பழைய வால்சட்டையையே அணிந்து வந்த முதியவரைக் கண்டு இளம் மாணவர் சிரித்ததுண்டு. முன்வரிசையில் சிலரே அமர்ந்திருந்தாலும் நிறைந்த மண்டபத்துக்குப் போலவே பாடம் நடத்தினார்.

இலண்டனுக்கு வந்தபோது அங்கே கற்பிப்பதற்கு ஓர் எலும்பும் இல்லை, ஒரு சிப்பியும் இல்லை. மாணவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமென்று கிராண்ட் தாமே ஒவ்வொன்றாகச் சேர்த்தார். இருக்கும் சொத்தையும் நூல்களையும் கல்லூரிக்கே எழுதி வைத்துவிட்டு, 1874 ஆகஸ்ட் 23ஆம் நாள், 80ஆம் வயதில், வயிற்றுக்கடுப்பு நோயால் இலண்டனில் காலமானார். ஹைகேட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய சேகரிப்பு இன்று அக்கல்லூரியில் கிராண்ட் விலங்கியல் அருங்காட்சியகம் என்ற பெயரோடு விளங்குகிறது. பல்லாயிரம் பொருள்கள் அங்கே கண்ணாடிச் சாடிகளிலும் பேழைகளிலும் உள்ளன.

இன்னொரு நினைவுச் சின்னமும் உண்டு. 1828இல் ஜான் ஃபிளெமிங் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், சுண்ணாம்பு முட்களை உடைய கடற்பஞ்சு இனம் ஒன்றுக்குக் கிரான்ஷியா என்று பெயரிட்டார். அதில் ஒன்று தட்டையான வெள்ளைச் சுருக்குப்பை போல இருக்கும், ஓரிரு அங்குல நீளந்தான். அலை வற்றும்போது ஸ்காட்லாந்துக் கரையோரப் பாறைகளின் நிழற்பக்கத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். கடல் மீண்டும் ஏறி வந்து மூடியதும் நீர் இறைக்கத் தொடங்கும்.